ரத்தமா, வளர்ப்பா?

பிள்ளை கணக்கில் நூறு வாங்கிவிட்டால், "எங்க வம்சமே அப்படித்தான்" என்று இரண்டு பக்கத்துத் தாத்தா பாட்டியும் உரிமை கொண்டாடுவார்கள். அதே பிள்ளை பொய் சொல்லி மாட்டிக்கொண்டால், "வளர்த்த லட்சணம்" என்று பேச்சு அம்மா பக்கம் திரும்பும். இரண்டு கட்சிக்கும் பழமொழி கைவசம் உண்டு. 'பிறவிக் குணம் பொங்கலிட்டாலும் போகாது' என்று ஒன்று. 'தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்' என்று இன்னொன்று.

உளவியலிலும் இதே வழக்கு 150 ஆண்டுகளாக நடக்கிறது. தொடங்கிவைத்தவர்களில் முக்கியமானவர், டார்வினின் உறவினரான பிரான்சிஸ் கால்டன். இங்கிலாந்தின் புகழ்பெற்ற நீதிபதிகள், தளபதிகள், அறிஞர்களின் குடும்பங்களை அலசி, திறமை ரத்தத்தில் வருகிறது என்று 1869-ல் ஒரு நூல் எழுதினார். ஆனால், நீதிபதியின் மகனுக்கு அப்பாவின் மூளை மட்டுமா கிடைக்கிறது? நல்ல பள்ளி, வீடு நிறையப் புத்தகம், பெரிய மனிதர்களின் அறிமுகம் எல்லாம் சேர்ந்துதானே கிடைக்கிறது!

இது வெறும் பட்டிமன்றத் தலைப்பாக இருந்திருந்தால் பரவாயில்லை. நல்ல வம்சத்தைப் பெருக்க வேண்டும், மற்றதைக் குறைக்க வேண்டும் என்ற கொள்கைக்கு 1883-ல் 'யூஜெனிக்ஸ்' என்று பெயர் வைத்தவரும் கால்டன்தான். அதை நம்பி அமெரிக்காவின் பல மாநிலங்கள், 'அறிவு குறைந்தவர்கள்' என்று முத்திரை குத்தப்பட்டவர்களுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யச் சட்டம் போட்டன. 1933-ல் ஹிட்லரின் ஜெர்மனியும் அப்படியொரு சட்டம் கொண்டுவந்தது.

அப்படியானால் எல்லாம் வளர்ப்புதான் என்று சொன்னால் பிரச்னை தீருமா? அதுவும் குடும்பங்களைக் காயப்படுத்தியிருக்கிறது. கடந்த நூற்றாண்டின் நடுவில், அம்மா பாசம் காட்டாததால்தான் குழந்தைக்கு ஆட்டிசம் வருகிறது என்று மேலைநாட்டு நிபுணர்கள் பலர் நம்பினார்கள். 'ஃபிரிட்ஜ் அம்மா' என்று பெயரே வைத்தார்கள். பெர்னார்ட் ரிம்லாண்ட் என்ற உளவியலாளர் 1964-ல் இதை மறுத்து நூல் எழுதினார். அவரே ஓர் ஆட்டிசக் குழந்தையின் தந்தை. 1977-ல் இரட்டையர்களை வைத்து நடந்த ஓர் ஆய்வு, மரபுக்கும் இதில் பங்கு உண்டு என்று காட்டியது. அதற்குள் எத்தனையோ அம்மாக்கள் செய்யாத குற்றத்தைச் சுமந்துவிட்டார்கள்.

ரத்தமா வளர்ப்பா என்ற கேள்விக்கு நேரடியான பதில் ஒரு நோயின் கதையில் இருக்கிறது. பினைல்கீட்டோனூரியா என்பது அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்து சேர்ந்தால் மட்டுமே வரும் நோய். உணவுப் புரதத்தில் உள்ள பினைல்அலனின் என்ற பொருளை இந்தக் குழந்தைகளின் உடலால் சரியாக உடைக்க முடியாது. அது ரத்தத்தில் தேங்கி, வளரும் மூளையைக் கெடுக்கும். கவனிக்காமல் விட்டால் கடுமையான மனவளர்ச்சிக் குறைபாடு வரும். 1934-ல் நார்வே மருத்துவர் அஸ்பியோர்ன் ஃபோலிங் இதைக் கண்டுபிடித்தார். தன் இரண்டு குழந்தைகளுக்கும் என்ன ஆயிற்று என்று விடாமல் கேட்ட ஓர் அம்மா அவரிடம் வந்ததுதான் காரணம். நோய் தெரிந்தது, மருந்து இல்லை.

1951-ல் இங்கிலாந்தின் பர்மிங்காம் குழந்தைகள் மருத்துவமனையில் இன்னோர் அம்மா. இரண்டு வயது மகளால் நிற்க, நடக்க, பேச முடியவில்லை. தலையை மோதிக்கொண்டு அழுதபடியே இருப்பாள். மருத்துவர் ஹார்ஸ்ட் பிக்கல் ஆய்வகத்துக்கு வரும்போதெல்லாம் வாசலில் நின்று, ஏதாவது செய்யுங்கள் என்று கேட்டார் அந்த அம்மா. அவரும் சக மருத்துவர்களும் பினைல்அலனினைப் பெருமளவு நீக்கிய உணவைத் தயாரித்துக் கொடுத்தார்கள். சில மாதங்களில் குழந்தை தவழ்ந்தாள், பிடித்துக்கொண்டு நின்றாள், அழுகை குறைந்தது. மாற்றம் உணவால்தானா என்று உறுதி செய்ய, அம்மாவிடம் சொல்லாமல் அந்தப் பொருளை மறுபடி உணவில் சேர்த்துப் பார்த்தார்கள். கற்றதெல்லாம் போய்விட்டது என்று அம்மா சில நாட்களிலேயே பதறி வந்தார். இன்றைக்கு அப்படிச் செய்ய யாரும் அனுமதிக்க மாட்டார்கள். ஆனால் உண்மை புரிந்துவிட்டது.

1960-களில் ராபர்ட் கத்ரி எளிய ரத்தப் பரிசோதனை ஒன்றை உருவாக்கினார். பிறந்த சில நாட்களில் குதிகாலில் குத்தி எடுக்கும் சில சொட்டு ரத்தம் போதும். சீக்கிரம் கண்டுபிடித்து உணவை மாற்றினால், அந்தக் குழந்தை மற்ற குழந்தைகளைப் போலவே படித்து வளர்கிறது. மரபணு துளியும் மாறவில்லை. மாறியது தட்டில் இருக்கும் சாப்பாடு மட்டும்.

இப்போது சொல்லுங்கள், இந்த நோய்க்குக் காரணம் ரத்தமா, வளர்ப்பா? மரபணு இல்லாவிட்டால் நோய் இல்லை. அந்த உணவு உடலுக்குள் போகாவிட்டால் பாதிப்பு இல்லை. இதில் இது இத்தனை சதவீதம், அது இத்தனை சதவீதம் என்று பங்கு பிரிக்கவே முடியாது.

படிப்பு, கோபம், கூச்சம் போன்றவை ஒரே மரபணுவில் அடங்குபவை அல்ல. அவற்றின் கணக்கு இன்னும் சிக்கலானது. ஆனாலும் இந்தக் கதையில் எல்லா வீட்டுக்கும் பொருந்தும் இரண்டு விஷயங்கள் உண்டு. பிறவியில் வந்தது என்பதாலேயே ஒன்றை மாற்ற முடியாது என்று ஆகிவிடாது. அதேபோல, எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மாதிரி செய்வதுதான் நியாயமான வளர்ப்பு என்றும் ஆகிவிடாது. அண்ணனுக்கு உடம்பு தேற்றும் பருப்பும் பாலும் இந்த நோயுள்ள தம்பிக்கு நஞ்சு.

அதனால், கூச்ச சுபாவமுள்ள மகளிடம், "உங்க அத்தை மாதிரியே நீயும் வாயில்லாப் பூச்சி" என்று சொல்லி முடித்துவிட வேண்டாம். "அக்கா பேசுறா, நீ ஏன் பேச மாட்டேங்கிறே?" என்று மேடையில் தள்ளிவிடவும் வேண்டாம். முதலில் ஒரே ஒரு தோழி வீட்டுக்கு வரட்டும்; அடுத்து, கடைக்காரரிடம் பாக்கிச் சில்லறையை அவளே கேட்டு வாங்கட்டும். குணம் யார் பக்கத்திலிருந்து வந்தது என்ற வழக்கைத் தாத்தா பாட்டிகள் நிதானமாகப் பேசிக்கொள்ளட்டும்.