"கோயிலுக்குத்தானே" என்று கேமரா பேட்டரி வாங்காதீங்க!



பதிவு கொஞ்சம் நீளம். கொஞ்சம் காரமும் இருக்கும். பொறுமையா கடைசி வரைக்கும் படிங்க.

திருவிழா வேலைகள் தொடங்கியாச்சு. ஆலய கேமராவுக்குப் புது பேட்டரி வேணும், பழசு ரெண்டும் ஓய்ஞ்சு போச்சுன்னு தொண்டர் குழு சார்பா குரூப்புல கேட்டிருந்தோம். கேட்ட கொஞ்ச நேரத்துல பதில்கள் குவிஞ்சிடுச்சு. "ஆன்லைன்ல 30 வெள்ளிக்கு ரெண்டு கிடைக்குது, சார்ஜர் இலவசம்." "பசார் மாலாம்ல பார்த்தேன், இன்னும் மலிவு." "ஒரிஜினல் எல்லாம் எதுக்கு? வருஷத்துக்கு நாலு நாள்தானே தேவை." கடைசியா ஒருத்தர் போட்ட பதிலுக்குத்தான் லைக் அதிகம்: "கோயிலுக்குத்தானே லா, இது போதும்."

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இந்தப் பதிவு.

வீட்டுக் கல்யாணம்னா கேமராக்காரருக்கு ஆயிரக்கணக்குல முன்பணம் கட்டுறோம். பிள்ளையோட பிறந்தநாளுக்கு எடுத்த படம் ஒன்னு மங்கலா வந்தாலும் சண்டைக்குப் போறோம். சாமி ஊர்வலத்தைப் படம் எடுக்குற கேமராவுக்கு மட்டும் 15 வெள்ளி பேட்டரி போதும். ஏன்? கோயிலுக்குத்தானே! குளுவாங்கைச் சுத்தியிருந்த ரப்பர் தோட்டங்கள்ல விடியக்காலையில எழுந்து பால் மரம் சீவுன நம்ம தாத்தா பாட்டிங்க இப்படி நினைச்சிருந்தா இன்னைக்கு நமக்குக் கும்பிட ஒரு கோயில் இருந்திருக்காது. அவங்க வீட்டுக்கு வாங்க முடியாததைக் கோயிலுக்கு வாங்கினாங்க. நாம வீட்டுக்கு வாங்க மாட்டாததைக் கோயிலுக்கு வாங்குறோம்.

"ஒரு பேட்டரிக்கு இவ்வளவு பேச்சா?"ன்னு கேக்குறவங்களுக்கு ஒரு கேள்வி. உங்க குடும்பம் இருந்த பழைய தோட்டத்துக் கோயிலோட படம் உங்க கையில எத்தனை இருக்கு? ரப்பர் போய் செம்பனை வந்துச்சு. தோட்டங்கள் கைமாறுச்சு. லயத்து வீடுகள் போச்சு, சனங்க டவுனுக்கு வந்துட்டாங்க. பல இடங்கள்ல கோயிலையும் சேர்த்துப் பெயர்க்க வேண்டி வந்துச்சு. அப்போ "இந்தக் கோயில் எத்தனை வருஷமா இங்க இருக்கு?"ன்னு கேட்டா, பட்டாவும் இல்ல, ரசீதும் இல்ல. யாரோ ஒரு பாட்டி பிஸ்கட் டின்னுல பத்திரமா வச்சிருந்த நாலு கறுப்பு வெள்ளைப் படம்தான் சாட்சி. திருவிழாப் படம் அழகுக்கு மட்டும் எடுக்குறது இல்ல. நாளைக்கு நம்ம பேரப் பிள்ளைங்க கேட்கப்போற கேள்விக்கு இன்னைக்கே எழுதி வைக்கிற பதில் அது.

அந்தப் பதில் பாதியில நின்னா என்ன ஆகும்னு போன திருவிழாவுல பார்த்தாச்சு. ஒரு நல்ல உள்ளம் ஆன்லைன்ல வாங்கி உபயமா குடுத்த மூனு பேட்டரி. குடுத்தவர் மேல துளியும் குறை இல்ல. அவரையும் விற்றவன்தான் ஏமாத்தினான். பால்குடம் கிளம்புறப்போ கேமராவுல பேட்டரி அளவு முழுசா காட்டுச்சு. கால் மணி நேரத்துல படக்குன்னு அணைஞ்சிடுச்சு. ரெண்டாவதைப் போட்டா, "இந்த பேட்டரியை அடையாளம் தெரியவில்லை"ன்னு கேமரா சொல்லுது. மூனாவது உப்பியிருந்ததால உள்ளேயே போகல. எண்பது வயசைத் தாண்டின ஒரு அம்மா, இதுதான் என் கடைசிப் பால்குடம்னு சொல்லிட்டு நடந்தாங்க. அவங்க சந்நிதிக்குள்ள வந்த நேரத்துக்கு நம்மகிட்ட இருக்குறது யாரோ கூட்டத்துக்குப் பின்னாடி நின்னு போன்ல எடுத்த ஆடிப்போன ஒரே ஒரு படம். அவங்க குடும்பம் வந்து கேட்டப்போ குடுக்க வேற எதுவும் இல்ல. மிச்சம் பிடிச்ச காசு எங்க போச்சுன்னு இப்போ சொல்லுங்க.

சரி, விஷயத்துக்கு வருவோம். அந்த மலிவு பேட்டரியில அப்படி என்னதான் கோளாறு?

முதல்ல மேல அச்சடிச்சிருக்குற எண். கேனன் கேமராக்கள்ல ரொம்ப பரவலா இருக்குற எல்பி-இ6 பேட்டரி 2008ல வந்தப்போ 1800 மில்லி ஆம்பியர் மணி. அதே அளவுப் பெட்டிக்குள்ள கேனன் கம்பெனியே 2020ல கொண்டுவந்த எல்பி-இ6என்எச் 2130. நிக்கான்ல இஎன்-இஎல்15 பேட்டரி 2010ல 1900. 2020ல வந்த இஎன்-இஎல்15சி 2280. பார்த்தீங்களா? ரெண்டு பெரிய கேமரா கம்பெனிகள் பத்துப் பன்னிரண்டு வருஷம் முயற்சி பண்ணி, அதே பெட்டிக்குள்ள கூட்டினது சுமார் 20 விழுக்காடுதான். ஆனா 15 வெள்ளிக்கு விக்கிறவன் மட்டும் 3000ன்னு அச்சடிக்கிறான்! அது பேட்டரியோட சக்தி இல்லீங்க, அச்சு இயந்திரத்தோட சக்தி. நம்பலைன்னா சமையல் தராசுல ஒரிஜினலையும் அதையும் வச்சுப் பாருங்க. அதிக சக்தின்னு சொல்ற பேட்டரி எடையில குறைவா இருந்தா, உள்ள என்ன இருக்கும்னு நீங்களே முடிவு பண்ணிக்கலாம்.

ரெண்டாவது, கண்ணுக்குத் தெரியாதது. இந்த மாதிரி 7.2 வோல்ட் பேட்டரிக்குள்ள ரெண்டு லித்தியம் அயன் செல் வரிசையா இருக்கு. ஒவ்வொன்னும் சாதாரணமா 4.2 வோல்ட் வரைக்கும்தான் ஏறணும். அதுக்கு மேல ஏறினா சூடாகும், உப்பும், மோசமானா தீப்பிடிக்கும். அதைத் தடுக்க உள்ள ஒரு சின்ன காப்பு சர்க்யூட் இருக்கு. சூட்டை அளந்து சொல்ற பாகமும் உண்டு. கேமராவோட பேசி, எவ்வளவு மிச்சம் இருக்குன்னு சொல்ற சிப்பும் உண்டு. விலையைக் குறைக்கணும்னா முதல்ல கை வைக்கிற இடம் இதுதான், ஏன்னா வெளியில இருந்து பார்த்தா தெரியாது.

இப்போ யோசிச்சுப் பாருங்க, இதை நாம எங்க வச்சு சார்ஜ் போடுறோம்? ஆலய ஸ்டோர் ரூம்ல. பக்கத்துல எண்ணெய் டின், கற்பூர டப்பா, பஞ்சுத் திரி, பட்டு வஸ்திரம். ராத்திரி பூட்டிட்டுப் போயிடுறோம், சார்ஜர்ல லைட் எரிஞ்சுக்கிட்டே இருக்கு. கற்பூரம் ஏத்துறப்போ தட்டைப் பிடிக்க ஆயிரம் கவனம் சொல்ற நாம, கற்பூர டப்பா பக்கத்துல யாரு செஞ்சதுன்னே தெரியாத ஒரு லித்தியம் பேட்டரியை ஆளில்லாம விட்டுட்டு வீட்டுக்குப் போய்த் தூங்குறோம். இதுக்கும் "கோயிலுக்குத்தானே"ன்னு பதில் சொல்லுவீங்களா?

இன்னொரு பக்கத்துக் குரலும் கேக்குது. "அப்போ ஒரிஜினல் மட்டும்தான் வாங்கணுமா? கம்பெனிக்காரன் கொள்ளையடிக்கிறானே!" இந்தக் கோபத்துல நியாயம் இருக்கு. நாங்க எந்தக் கம்பெனிக்கும் ஏஜெண்ட் இல்ல. 2009ல பானாசோனிக் தன்னோட சில கேமராக்களுக்கு விட்ட மென்பொருள் அப்டேட்டால வேற கம்பெனி பேட்டரிகள் வேலை செய்யாம போச்சு. பாதுகாப்புக்காகன்னு காரணம் சொன்னாங்க. 2013 டிசம்பர்ல நிக்கான் அப்டேட்டுக்கு அப்புறம் டி3100, டி3200, டி5100, டி5200 வச்சிருந்தவங்களுக்கும் இதே கதை. நல்லா ஓடிக்கிட்டிருந்த மாற்று பேட்டரி, ஒரே நாள்ல செல்லாக் காசு. பாதுகாப்பு உண்மையான அக்கறைதான். ஆனா வியாபாரமும் அதுக்குள்ள இருக்குன்னு புரியாத அளவுக்கு நாம குழந்தைங்க இல்ல.

ஒரிஜினல்னா குறையே வராதுன்னும் இல்ல. 2012ல நிக்கான் தன்னோட சொந்த இஎன்-இஎல்15 பேட்டரிகள்ல சிலதைச் சூடாகுதுன்னு திரும்ப வாங்கிச்சு. பேட்டரி மேல இருக்குற தயாரிப்பு எண்ணைப் பார்த்து, எது குறையுள்ளதுன்னு சொல்லி, இலவசமா மாத்திக் குடுத்தாங்க. இதுலதான் நம்ம பாடம் இருக்கு. குறை எவன் செஞ்சாலும் வரும். ஆனா பேரும் எண்ணும் முகவரியும் உள்ளவனைத்தான் திரும்பப் போய்க் கேக்க முடியும். நம்ம மூனு பேட்டரியை வித்த ஆன்லைன் கடையைத் தேடினா, அந்தக் கடையே இப்போ இல்ல. யாருகிட்ட போய் நியாயம் கேக்குறது?

அதனால மாற்று பேட்டரி வேற, போலி பேட்டரி வேற. ரெண்டையும் குழப்பாதீங்க. தன் சொந்தப் பேரைப் பெட்டியில போட்டு, வாரண்டி குடுத்து, "இந்தக் கேமராவுக்குப் பொருந்தும்"னு சொல்லி விக்கிறவர் மாற்று. அதுல நல்லதும் உண்டு, சுமாரும் உண்டு. விசாரிச்சு வாங்கலாம், தப்பில்ல. கேனன், நிக்கான்னு அடுத்தவன் பேரைத் திருடி ஒட்டி, ஒரிஜினல் விலையில பத்துல ஒரு பங்குக்கு விக்கிறானே, அவன்தான் போலி. திருட்டுப் பேர் ஒட்டின சாமானைச் சாமி சந்நிதிக்கு உபயமா கொண்டு வரலாமா? நீங்களே சொல்லுங்க.

பிளாஷ் விஷயத்துலயும் இதே அலட்சியம். பிளாஷுக்கு நாலு டபுள்-ஏ பேட்டரி. "டபுள்-ஏ அளவுலயே 3.7 வோல்ட் வருது, பவர் அதிகம்"னு ஒரு தம்பி லிங்க் போட்டிருந்தார். தம்பி, வேணவே வேணாம்! பிளாஷ் எதிர்பார்க்குறது நாலும் சேர்ந்து 6 வோல்ட் அளவுல. இதை நாலு போட்டா 14.8 வோல்ட். அளவு ஒன்னா இருக்குன்னு உள்ள போட்டா, பிளாஷ் அன்னைக்கே கருகிடும். பிளாஷுக்கு நல்லது நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ரீசார்ஜ் பேட்டரி, அதாவது எனலூப் வகை. சான்யோ 2005ல கொண்டுவந்தது, இப்போ பானாசோனிக் கையில இருக்கு. மேல 1.2 வோல்ட்னு போட்டிருக்கேன்னு பயப்பட வேணாம். ஒரே நேரத்துல நிறைய மின்சாரம் குடுக்குறதுல சாதாரண அல்கலைன் இதுகிட்ட நிக்காது. அடுத்தடுத்து பிளாஷ் அடிக்கலாம். சார்ஜ் போட்டு மாசக்கணக்குல வச்சாலும் பெரும்பகுதி அப்படியே இருக்கும். வருஷத்துக்கு நாலு நாள் தேவைன்னு சொன்னீங்களே, அதுக்கு ஏத்தது இதுதான்.

ஆகவே தொண்டர் குழுவோட வேண்டுகோள் இது. நிர்வாகத்துக்கும் எழுதிக் குடுத்திருக்கோம்:

1. அஞ்சு மலிவு பேட்டரி வேணாம். ஒழுங்கானது ரெண்டு போதும். ஒரு குடும்பத்தால முடியலைன்னா மூனு குடும்பம் சேர்ந்து ஒன்னு உபயம் பண்ணுங்க. அர்ச்சனைச் சீட்டுல எல்லார் பேரும் வரும்.

2. வாங்குறதுக்கு முன்னாடி பழைய பேட்டரி மேல இருக்குற மாடல் பேரை எழுத்துக்கு எழுத்து பாருங்க. ஒரு எழுத்து மாறினாலும் பொருந்துமான்னு கேட்டுட்டு வாங்குங்க.

3. ரசீது குடுக்குற, நாளைக்கும் திறந்திருக்குற கடையில வாங்குங்க. மாற்று பேட்டரின்னா, கேமராவுல இப்போ இருக்குற மென்பொருளோட ஓடுதான்னு கடையிலேயே போட்டுப் பாருங்க. ஓடுற கேமராவுல காரணமில்லாம அப்டேட் போடாதீங்க.

4. வாங்கின தேதியையும் 1, 2ன்னு எண்ணையும் மார்க்கர்ல எழுதி ஒட்டுங்க. மாத்தி மாத்திப் பயன்படுத்துங்க. திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்னாடியே முழுசா ஓட்டிப் பாருங்க, அன்னைக்குக் காலையில பார்க்காதீங்க.

5. திருவிழா முடிஞ்சதும் பேட்டரியைக் கேமராவுல இருந்து கழட்டுங்க. முழு சார்ஜோடவும் வேணாம், காலியாவும் வேணாம். ஏறக்குறைய பாதியில வச்சு, சூடில்லாத இடத்துல வைங்க. மத்தியான வெயில்ல நிக்கிற காருக்குள்ள விட்டா, அதோட ஆயுள் அங்கேயே கரையும்.

6. சார்ஜ் போடுறது ஆபீஸ் மேசையில, ஆள் இருக்குறப்போ மட்டும். எண்ணெய், கற்பூரம், துணி பக்கத்துல கூடாது. சுவர்ல சொருகுற சார்ஜர்ல சிரிம் முத்திரை இருக்கணும். "இலவச சார்ஜர்" யாருக்கும் வேணாம்.

7. உப்பின பேட்டரியை அமுக்காதீங்க, குத்தாதீங்க, கேமராவுக்குள்ள திணிக்காதீங்க. முனைகளை டேப் ஒட்டி எங்ககிட்ட குடுங்க, மின்கழிவு சேகரிக்கிற இடத்துல சேர்த்துடுறோம். ஆலயக் குப்பைத் தொட்டியில போடவே கூடாது. லித்தியம் பேட்டரிக் கழிவு, நம்ம நாட்டுல 2005ஆம் ஆண்டு விதிகள்படி தனியா கையாள வேண்டிய அபாயக் கழிவு.

இதுல எதுவும் பெரிய செலவு இல்ல. அன்னதானத்துல ஒரு வேளை கூட்டுக்கு ஆகுற காசு கூட இல்லாம இருக்கலாம். கேக்குறது காசு இல்லீங்க, மனசு.

குறை சொல்லிட்டாங்கன்னு யாரும் வருத்தப்பட வேணாம். குரூப்புல லைக் போட்ட எல்லாரும் நம்ம சொந்தங்கள்தான். திருவிழா அன்னைக்கு வெயில்ல தண்ணிப் பந்தல்ல நிக்கப்போறதும் நீங்கதான். ஆனா அடுத்த தடவை "கோயிலுக்குத்தானே"ன்னு சொல்ல வாய் வர்றப்போ, அந்தச் சொல்லைக் கொஞ்சம் திருப்பிச் சொல்லிப் பாருங்க. கோயிலுக்குத்தானே, அதனால நல்லதா வாங்குவோம். கோயிலுக்குத்தானே, அதனால விசாரிச்சு வாங்குவோம்.

பேட்டரி உபயம் எடுக்க விரும்புறவங்க வெள்ளிக்கிழமை பூஜைக்கு அப்புறம் ஆபீஸ்ல பேர் குடுங்க. எந்த மாடல்னு எழுதின துண்டுச் சீட்டு அங்கேயே இருக்கும்.



ஆலயத் தொண்டர் குழு, குளுவாங்