குருதிக் கருவூலம் யாருக்காக?

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையிலே, உருக்கு ஆலையில் வெந்து வீடு திரும்புகிறார் தொழிலாளத் தோழர். ஓடியாட வேண்டிய பிள்ளை எழுந்து நிற்கவும் இயலாமல் கிடக்கிறது. 'தலைவிதி' என்கிறாள் பாட்டி. 'பூர்வஜென்ம பாவம்' என்கிறான் ஜோதிடன். விஞ்ஞானம் சொல்கிறது: விதியுமல்ல, வினையுமல்ல, மரபணுவில் ஒரு பிழை!

எந்தப் பிழை? ஒரு பிள்ளையின் இரத்தம் மட்டும் அதைச் சொல்லிவிடாது. திருவள்ளூரில் ஒன்று, தேனியில் ஒன்று எனச் சிதறிக் கிடக்கும் பிள்ளைகளின் இரத்தத்தை ஓரிடத்தில் உறைகுளிரில் காத்து ஒப்பிட்டால்தான் பிழை பிடிபடும். இன்று விளங்காதது, நாளை புதுமுறை வந்ததும் விளங்கும். அதற்குத்தான் உயிரி வங்கி.

நமக்கு இது அவசரம். 2017இல் ஐதராபாத் விஞ்ஞானி குமாரசாமி தங்கராஜ், அமெரிக்க அறிஞர் டேவிட் ரைக் முதலானோர் வெளியிட்ட ஆய்வு, தெற்காசியாவில் 81 சமூகங்கள் சிறு மூதாதையர் கூட்டத்திலிருந்து பெருகி, தமக்குள்ளேயே மணந்துவந்த தடயத்தைக் காட்டியது. தாயிடமும் தந்தையிடமும் மறைந்திருக்கும் ஒரே பிழை, பிள்ளையிடம் ஒன்றுசேர்கிறது. சாதி, சேரியைப் பிரித்ததோடு நிற்கவில்லை, தொட்டிலையும் தொட்டுவிட்டது!

2020இல் தொடங்கிய ஜீனோம் இந்தியா திட்டம், சுமார் 20,000 பேரின் இரத்த மாதிரிகளைப் பெங்களூரில் சேர்த்தது. வரவேற்கிறோம். ஆனால் அது நலமுள்ளோர் குருதி, அளவுகோல். அளக்கவேண்டிய பிள்ளைகளின் குருதியும் சேரவேண்டாமா? எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை அரிய நோய்களுக்கான சிறப்பு மையம். திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரியில் எடுக்கும் மாதிரி அங்கே போய்ச் சேர வழி செய்க!

எச்சரிக்கையும் செய்கிறோம். 1951இல் அமெரிக்காவில், புகையிலைத் தோட்டத்தில் உழைத்த கறுப்பினத் தாய் ஹென்றியெட்டா லாக்ஸின் உயிரணுக்களைக் கேளாமலே எடுத்தனர். கம்பெனிகள் கொழுத்தன. குடும்பத்தோடு ஒரு கம்பெனி உடன்பாட்டுக்கு வர 2023 ஆயிற்று!

நம் நாட்டு மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறை ஒப்புதல் கேட்கச் சொல்கிறது. ஆதாயத்தில் பங்கும் பேசுகிறது. நெறி ஏட்டில் இருந்தால் போதுமா? சட்டமாகட்டும்! தசைச் சிதைவு நோய் ஒன்றுக்கு ஒரே ஊசி சுமார் 16 கோடி ரூபாய். அரிய நோய்க்கு மத்திய அரசு 2022இல் உயர்த்திய உதவி வரம்போ 50 இலட்சம்!

குருதி ஏழையுடையது, மருந்து மட்டும் சீமானுக்கா? கொடுத்தவன் கையேந்த, எடுத்தவன் ஏப்பம் விடுவதா? குருதி தருவோம், கணக்கும் கேட்போம்!