பேராதனைக்குப் போகும் சோற்றுப் பொதி

பிள்ளை பல்கலைக்கழகம் புகுந்துவிட்டால் பெற்றோருக்குப் பாடத்தைப் பற்றிய கவலை உண்டு. பகிடிவதையைப் பற்றிய கவலை அதனினும் பெரிது. அங்கே மதியத்தில் அது என்ன உண்கிறது என்று விசாரிப்போரோ மிகச் சிலர்.

மாத்தளையிலிருந்து பேராதனைக்கு நாள்தோறும் சென்று மீளும் மாணவர் உளர். விடுதியில் தங்கிப் பயில்வோரும் உளர். மரக்கறி உணவினராயின், இருசாரார் பொதியையும் அவிழ்த்தால் பெரும்பாலும் ஒரே காட்சிதான். மலையெனச் சோறு, ஓரத்தில் உருளைக்கிழங்குப் பிரட்டல், நீர்த்த பருப்பு, ஒரு பப்படம். வயிறு நிறையும். பிற்பகல் விரிவுரையில் கண் சொருகும்.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி இதனைக் கடுமையாக்கிற்று. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டெண்படி உணவுப் பணவீக்கம் 90 வீதத்தைத் தாண்டியது. யான் கண்டவரை, அப்போது பொதியிற் குறைந்தது சோறன்று, பருப்பே. பின்னர்ப் பணவீக்கம் தணிந்தது. மெலிந்த பருப்போ மெலிந்தபடியே இருக்கிறது.

மரக்கறியுணவு படிக்கும் பிள்ளைக்குப் போதாது என்பாரோடு யான் உடன்படேன். குறை கலவையில் உள்ளது. அரிசிப் புரதத்தில் லைசின் என்னும் கூறு குறைவு. பருப்பு, கடலை, பயறு, கௌபி ஆகியவற்றில் அது மிகுதி. ஒன்றன் குறையை மற்றது நிரப்பும். ஐம்பது கிலோ எடையுள்ள மாணவிக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 42 கிராம் புரதம் வேண்டும். உலர்ந்த கௌபி 50 கிராம் அதில் 12 கிராமளவைத் தந்துவிடும். இரவில் ஊறவைத்துக் காலையில் அவித்து, வெங்காயமும் செத்தல் மிளகாயும் தாளித்தால் ஆயிற்று. சோயாவும் நன்றே, ஆயினும் நாள் தவறாமல் அதனையே இட்டால் பிள்ளைகள் முகஞ்சுளிப்பர், அதில் அவர்மீது குற்றமில்லை.

மாணவியர்க்கு இரும்புச்சத்துக் குறைவு தனித் தொல்லை. கீரையிலும் பருப்பிலுமுள்ள இரும்பை உடல் எளிதிற் கவர்வதில்லை. உண்ணும்போது பிழியும் தேசிக்காய் அதற்குத் துணைசெய்யும். உண்டவுடன் பருகும் தேநீர் தடைசெய்யும். தேயிலை மலைகளின் நடுவே வாழ்ந்துகொண்டு இதனைச் சொல்ல அச்சமாகத்தான் இருக்கிறது! தேநீரை விடவேண்டியதில்லை, ஒரு மணிநேரம் பொறுத்துப் பருகினாற் போதும். விற்றமின் பீ12 தாவர உணவிலிருந்து கிட்டாது. ஆதலின் பாலோ தயிரோ தினமும் வேண்டும். அவையும் உண்ணாதோர் மருத்துவரைக் கேட்டு மாத்திரை கொள்ளல் நலம்.

தாய்மார்க்கு ஒரு வார்த்தை. தேங்காய்ப்பாலிட்ட கறி காலையிற் கட்டினால் மதியத்துக்குள் புளித்துவிடக்கூடும். வல்லாரைச் சம்பலும் வீட்டில் உடனே உண்ணுதற்கே உரியது. பொதிக்கு முருங்கையிலை வறையே ஏற்றது. தேங்காய்ப்பூவை ஈரம் போக வறுத்துச் சேருங்கள். சோற்றின் ஆவி அடங்கியபின் கட்டுங்கள்.

பலாவை மறந்தேனல்லேன். நாடெங்கும் பலாமரம் நடுவித்த ஆதர் வி. டயஸ் அவர்களைச் சிங்கள மக்கள் ‘கொஸ் மாமா’, அதாவது பலா மாமா, என்று அன்போடு அழைத்தனர். நம் மாவட்டத்து வீட்டுத் தோட்டங்களிலும் பலாவுக்குக் குறைவில்லை. பிஞ்சுப் பலாக்காய்க் கறிக்கு ஈடேது? ஆனால் பலாக்கொட்டையைப் பருப்புக்கு மாற்றாகக் கருதுவது பிழை. அதிற் பெரும்பகுதி மாவே. பலாக்கொட்டைக் கறி வைக்கும் நாளிற் சோற்றைக் குறையுங்கள், கௌபியிற் கைவைக்காதீர்கள்.