அறுபதிலும் அரியர் கிளியர் பண்ணலாம்!

செமஸ்டர் பேப்பர்ல மட்டும்தான் அரியர் விழும்னு யார் சொன்னது? நம்ம அப்பா, தாத்தா தலைமுறையில நிறையப் பேர் 'கதை எழுதணும்'ங்கிற ஆசையையே முப்பது, நாற்பது வருஷமா அரியரா வச்சிருக்காங்க. வேலை, கல்யாணம், வீட்டு லோன், அப்புறம் நம்ம காலேஜ் ஃபீஸ்! கடைசியில 60 வயசில ஒரு சால்வை, ஒரு சுவர்க் கடிகாரம், 'இனி ரெஸ்ட் எடுங்க சார்'னு ஒரு வாழ்த்து. ஆனா சிலர் அன்னைக்குத்தான் பேனாவைத் திறக்கிறாங்க.

நம்ம ஊர்க்காரர் மனோகர் தேவதாஸையே எடுத்துக்குங்க. 1936-ல் மதுரையில் பிறந்தவர். சேதுபதி ஸ்கூல், அமெரிக்கன் காலேஜ்னு படிச்சுட்டு, சென்னையில் ஒரு பேட்டரி கம்பெனியில் வேலை பார்த்தார். மனைவி மஹிமா 1972-ல் நடந்த விபத்தில் கழுத்துக்குக் கீழே செயலிழந்து போனார். இவருக்கோ கொஞ்சம் கொஞ்சமாகப் பார்வையைப் பறிக்கும் விழித்திரை நோய். நம்மளா இருந்தா என்ன பண்ணியிருப்போம்? அவர் 1997-ல், 61 வயசில், தன் பால்யகால மதுரையை 'க்ரீன் வெல் இயர்ஸ்' என்ற ஆங்கில நாவலாக்கினார். 2007-ல், மதுரையைக் கோட்டோவியங்களோடு சொல்லும் இன்னொரு புத்தகம். 2020-ல் பத்மஸ்ரீ. 2022 டிசம்பரில் மறைந்தார். பார்வை மங்க மங்க, பார்த்த ஊரைப் பத்திரப்படுத்திட்டுப் போன மனுஷன்!

நடுவுல விட்டுட்டாலும் திரும்பப் பிடிக்கலாம். யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் பிறந்த அ.முத்துலிங்கம், 1964-ல் 'அக்கா' தொகுப்பைப் போட்டார். அப்புறம் உத்தியோகம், ஆப்பிரிக்கா, ஆசியான்னு நாடு நாடா அலைச்சல். அடுத்த தொகுப்பு 'திகடசக்கரம்' வந்தது 1995-ல்! 31 வருஷ கேப். ஆனா அலைஞ்ச நாடெல்லாம் கதையாத் திரும்பி வந்துச்சு.

கோவில்பட்டிப் பக்கத்து பூமணியும் அப்படித்தான். 'அசுரன்' படம் பார்த்திருப்பீங்க, அதுக்கு மூலக்கதை இவரோட 'வெக்கை'. கூட்டுறவுத் துறையில் வேலை பார்த்தவர். ஆயிரம் பக்கத்தைத் தாண்டும் 'அஞ்ஞாடி' வெளிவந்தது 2012-ல், அவரோட 65-ஆவது வயசில். 2014-ல் சாகித்ய அகாடமி விருது.

வெளிநாட்டு ஆள் வேணுமா? நியூயார்க்கில் வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆன ஃப்ராங்க் மெக்கோர்ட்டோட முதல் புத்தகம் 'ஏஞ்சலாஸ் ஆஷஸ்' வந்தது 1996-ல், அவரோட 66-ஆவது வயசில். அடுத்த வருஷமே புலிட்சர்!

சரி, இதுல நமக்கென்ன மேட்டர்?

எங்க விளாங்குடியில காலையில ஒரு ரவுண்டு வாங்க. வாக்கிங், டீக்கடை பெஞ்ச், பேப்பர்னு எங்க பார்த்தாலும் ரிட்டயர்டு ஆட்கள்தான். பஸ் ஓட்டினவங்க, கரண்ட் கம்பத்துல ஏறினவங்க, மில்லுல நைட் ஷிஃப்ட் பார்த்தவங்க. இந்தப் பக்கமெல்லாம் வயலும் கண்மாயுமா இருந்ததைப் பார்த்த கண்ணுங்க. விளாங்குடி 2011-ல் மாநகராட்சியோட சேர்ந்ததுக்குக் கவர்ன்மென்ட் ரெக்கார்டு இருக்கும். அதுக்கு முன்னாடி இங்கே மனுஷங்க எப்படி இருந்தாங்கங்கிறதுக்கு ரெக்கார்டு இவங்க மட்டும்தான். இவங்க எழுதலைன்னா அது அவங்களோடயே போயிடும்.

இவங்ககிட்ட அனுபவம் இருக்கு, நேரம் இருக்கு. இல்லாதது ஒண்ணுதான். உட்கார்ந்து படிக்க ஓர் ஆள்! 'இந்த வயசில உனக்கெதுக்கு இது?'ன்னு வீட்டுல ஒரு வார்த்தை சொன்னாப் போதும், நோட்டு பரண்ல ஏறிடும்.

அதனால ஒரு அசைன்மென்ட். வீட்டுப் பெரியவருக்கு ஒரு 200 பக்க நோட்டு வாங்கிக் கொடுங்க. கை நடுங்குதா? போன்ல வாயால சொன்னாலே தமிழ்ல டைப் ஆகும், கத்துக் கொடுங்க. நத்தம் ரோட்டுல 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு ஒருநாள் கூட்டிட்டுப் போங்க. எழுதினதைப் படிச்சுட்டு, சும்மா 'சூப்பர் தாத்தா'ன்னு தப்பிக்காதீங்க. 'இந்த இடம் புரியலையே, அப்புறம் என்னாச்சு?'ன்னு கேளுங்க. அந்தக் கேள்விதான் அடுத்த பக்கத்தை எழுத வைக்கும்.

நமக்கும் ஒரு வார்த்தை. 'ரிட்டயர் ஆனதும் எழுதிக்கலாம் மச்சி'ன்னு தள்ளிப் போடாதீங்க. அறுபதில் எழுதினவங்க எல்லாரும் இருபதிலேயே ஊரை உத்துப் பார்த்தவங்க. ஓகேவா?

அடுத்த வாரம் மீட் பண்ணலாம்!