பிடுங்கத் தெரியாதவன் ரிவிட் அடிக்கக் கூடாது

"அவனுக்கு ரிவிட் அடிச்சுட்டாங்கடா" என்றால் யாரோ யாருக்கோ ஆப்பு வைத்துவிட்டார்கள் என்று அர்த்தம். இந்தக் கட்டுரை அந்த ரிவிட் பற்றி இல்லை. இரண்டு அலுமினியத் தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கும் நிஜ ரிவிட் பற்றி. பஸ் பாடியிலும் அதுதான். பெருங்குடியில் நம் தலைக்கு மேலே இறங்குகிற விமானத்திலும் அதுதான்.

மும்பை காந்திவிலியில் அமோல் யாதவ் என்ற பைலட், தான் குடியிருந்த கட்டடத்தின் மொட்டை மாடியிலேயே ஆறு பேர் உட்காரும் விமானம் கட்டினார். 2016ல் 'மேக் இன் இந்தியா' கண்காட்சியில் வைத்தார். 2017ல்தான் பதிவு கிடைத்தது, 2019ல்தான் பறக்க அனுமதி. இதைக் கேட்டதும் நம்ம பசங்க, "மச்சி, நாமளும் ஒண்ணு கட்டுவோமா?" என்கிறார்கள். தாராளமாகக் கட்டுங்கள். ஒரே ஒரு கேள்வி. கோணலாகப் போன ரிவிட்டை எடுக்கத் தெரியுமா?

சிரிக்காதீர்கள். வீட்டில் கட்டும் ஒரு சின்ன உலோக விமானத்திலேயே ஆயிரக்கணக்கான ரிவிட்கள் உண்டு. எல்லாமே முதல் அடியிலேயே சரியாக விழும் என்று சொல்பவன் ஒரு ரிவிட் கூட அடித்திருக்க மாட்டான்.

எடுப்பது பெரிய மந்திரம் இல்லை, பொறுமை வேண்டும். விமானத்தில் அதிகம் பயன்படும் உருண்டைத் தலை ரிவிட்டின் நடுவில் ஒரு சின்னக் குழி இருக்கும். எந்த உலோகக் கலவை என்று காட்ட வைத்த அடையாளம் அது. டிரில் வழுக்காமல் நிற்கவும் அதுவே உதவும். ரிவிட்டின் உடம்பை விடக் கொஞ்சம் சின்ன டிரில் பிட்டால், தலையின் உயரம் அளவுக்கு மட்டும் துளைக்க வேண்டும். பிறகு ஒரு பஞ்சை உள்ளே விட்டு நெம்பினால் தலை தனியாக வந்துவிடும். தகட்டைப் பின்னாலிருந்து தாங்கிக்கொண்டு மிச்சத்தை மெதுவாகத் தட்டித் தள்ள வேண்டும். அவசரப்பட்டு ஆழமாகத் துளைத்தால் தகட்டின் துளையே பெரிதாகிவிடும். அப்புறம் அதற்கேற்ற பெரிய ரிவிட் தேட வேண்டும்.

இதை நமக்கு யார் சொல்லித் தருகிறார்கள்? எங்கள் கல்லூரி ஒர்க்‌ஷாப்பில் ஒரு பையன், "சார், இது கோணலாப் போச்சு, எடுத்துட்டு வேற அடிக்கவா?" என்று கேட்டான். "டைம் இல்லப்பா, ஃபைல் போட்டுத் தேய்ச்சிரு" என்று பதில் வந்தது. மார்க்கும் வந்தது! ரெக்கார்டு நோட்டில் அடிப்பதற்குப் படம் உண்டு, எடுப்பதற்கு ஒரு வரி இல்லை. புதுமண்டபத்தில் வரிசையாக மெஷின் போட்டுத் தைத்த தையல்காரர்களைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள்: பிரிக்கத் தெரியாதவன் கையில் துணியைக் கொடுக்காதே என்று. நாம் நாலு வருடம் படித்து இஞ்சினியர் ஆகிறோம், பிரிக்கப் படிப்பதில்லை.

"ஒரு வேலை கொஞ்சம் தப்பாப் போனா என்ன குடிமுழுகிடும்?" என்பவர்களுக்கு ஜப்பான் ஏர்லைன்ஸ் 123. 1978ல் அந்த போயிங் 747 தரையிறங்கும்போது வால் தரையில் இடித்தது. பின்பக்கம் கேபினின் காற்றழுத்தத்தைத் தாங்கும் மூடி போன்ற பாகத்தைப் பழுது பார்த்தார்கள். ஒரே தகடாக வைக்க வேண்டிய இணைப்பை இரண்டு துண்டாக வைத்துவிட்டார்கள். ஒன்றுக்கு மேற்பட்ட வரிசை ரிவிட்கள் பங்கிட வேண்டிய பாரம் ஒரே வரிசை மேல் விழுந்தது. பிரித்து மறுபடி செய்திருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். யாரும் பிரிக்கவில்லை. ஏழு வருடம் பறந்தது. 1985 ஆகஸ்ட் 12 அன்று அந்த மூடி பிளந்தது. விமானத்தில் இருந்த 524 பேரில் 520 பேர் செத்துப்போனார்கள்.

இன்னொரு கட்சி இருக்கிறது. "சும்மா சும்மா பிடுங்கினா நல்ல தகடும் கெட்டுப்போகும், லேசான கோணலை விட்டுடறதே நல்லது" என்பார்கள். இதில் நியாயம் இருக்கிறது. அனுபவசாலிகளும் இதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் "லேசான" என்பதை யார் முடிவு செய்வது? அதற்கும் அளவு இருக்கிறது சாமி. அடிபட்டு நசுங்கிய பக்கம் ரிவிட்டின் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு அகலமும் பாதி உயரமும் இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. 3.2 மி.மீ. ரிவிட் என்றால் சுமார் 4.8 அகலம், 1.6 உயரம். கேஜ் வைத்துப் பார், எவ்வளவு விலகல் வரை விடலாம் என்று விதியைப் பார், பிறகு விடு. அளந்து பார்த்து விடுவது அறிவு. அளக்காமல் விடுவது சோம்பேறித்தனம். இரண்டையும் "அனுபவம்" என்ற ஒரே பெயரில் கூப்பிடாதீர்கள்.

பெயிண்ட் அடித்தால் கண்ணுக்குத் தெரியாதுதான். பத்தாயிரம் அடிக்கு மேலே காற்று பெயிண்டைப் பார்த்துவிட்டா இழுக்கப்போகிறது? விமானம் கட்ட ஆசைப்படும் நண்பர்களே, முதலில் இரண்டு பழைய தகடு வாங்குங்கள். நூறு ரிவிட் அடியுங்கள். பிறகு அந்த நூறையும் துளை கெடாமல் எடுங்கள். அதற்கப்புறம் ரெக்கை பற்றிப் பேசலாம்.