மின்மானியும் ஒரு தராசே!

கொழுந்து நிறுக்கும் தராசின் முள்ளை உற்றுப் பாராத தோட்டத் தொழிலாளி எவருமில்லை. ஒரு கிலோ குறைந்தாலும் அரைப்பேராகிவிடும் என்பதை அவர் அனுபவத்தில் அறிந்தவர். இறப்பர் மலையிற் பால் அளக்கும்போதும் அப்படியே. ஆனால், அதே தொழிலாளியின் லயத்துச் சுவரில் இரவும் பகலும் நிறுத்துக்கொண்டிருக்கும் இன்னொரு தராசை நம்மிற் பலர் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. அதுதான் மின்மானி.

சப்பிரகமுவ மாகாணத்துக்கும் மின்சாரத்துக்கும் உள்ள உறவு பழையது. இந்நாட்டின் நீர்வீழ்ச்சிகளிலிருந்து மின்சாரம் பெறலாம் என்று 1918ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்த பொறியியலாளர் விமலசுரேந்திரா, 1931இல் இரத்தினபுரியின் பிரதிநிதியாக அரசாங்க சபையில் அமர்ந்தவர். அவர் கண்ட கனவு 1950இல் இலக்சபானாவில் நனவாயிற்று. 1992ஆம் ஆண்டில் பலாங்கொடைக்கு அண்மையில் 120 மெகாவாற் வலுவுள்ள சமனலவௌ நிலையம் எழுந்தது. மலையும் மழையும் நம் கண்முன்னே ஒளியாகின்றன. அந்த மலையில் உழைப்பவரின் வீட்டு விளக்கின் கதையோ வேறு.

2022 ஆகஸ்ட் மாதத்துக்கு முன்பு, மாதம் 30 அலகு செலவிட்ட வீட்டுக்கு நிலையான கட்டணத்துடன் 105 ரூபாய் பட்டியல் வந்தது. 2023 பெப்ரவரியில் அதே 30 அலகுக்கு 1,300 ரூபாய் வந்தது. அப்போது தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் எவ்வளவு? 2021இல் நிர்ணயிக்கப்பட்ட அதே 1,000 ரூபாய்தான்! இரண்டு விளக்கும் ஒரு தொலைக்காட்சியும் உள்ள காம்பராவுக்கு ஒரு நாள் உழைப்புப் போதவில்லை. அதன்பின் கட்டணம் பலமுறை இறங்கியும் ஏறியும் வந்திருக்கிறது. ஆனால் அந்த ஐந்து மாதங்கள் கற்பித்த பாடத்தை நாம் மறத்தலாகாது.

ஏழைக்குச் சிக்கனம் உபதேசிப்பது நம் நோக்கமன்று. அள்ளிச் செலவிடுபவரை விட்டுவிட்டுக் கிள்ளிச் செலவிடுபவரிடம் உபதேசம் செய்வது நியாயமுமன்று. எனினும் ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும். வீட்டு மின்கட்டணம் படிக்கட்டாக அமைந்தது. நிலையான கட்டணம் படிக்குப் படி ஏறும். மாதம் 60 அலகைத் தாண்டினாலோ முதல் அலகிலிருந்தே கூடிய விகிதம் விழும். 58 அலகுக்கும் 62 அலகுக்கும் உள்ள வேறுபாடு நான்கு அலகு மட்டுமன்று. ஆகவே படியின் விளிம்பில் நிற்கும் சிறு வீட்டுக்கே அளவு அறிதல் மிக அவசியம்.

இதற்குப் பெரும் படிப்பு வேண்டியதில்லை. ஞாயிறுதோறும் ஒரே நேரத்தில் மின்மானியின் எண்ணை ஒரு கொப்பியிற் குறித்து, முந்திய வாரத்து எண்ணைக் கழித்தாற் போதும். 60 வாற் பழைய குமிழ் நாளொன்றுக்கு ஐந்து மணி நேரம் எரிந்தால் மாதத்தில் 9 அலகு போகும். 9 வாற் எல்.இ.டி. குமிழுக்கு ஒன்றரை அலகும் ஆகாது. 1,000 வாற் மின்னழுத்தி ஒரு மணி நேரம் சூடாக இருந்தால் ஓர் அலகு. எல்லா ஆளிகளையும் அணைத்து, செருகிகளையும் கழற்றிய பின்னரும் மின்மானி ஓடினால், பழைய கம்பியிற் கசிவு இருக்கலாம். அது பணத்தை மட்டுமன்றி உயிரையும் குடிக்கும். தேர்ந்த மின்னியலாளரை அழைக்கத் தாமதிக்கலாகாது.

ஆனால், தனக்கென மின்மானியே இல்லாத குடும்பம் எதைப் பார்த்து எழுதும்? நான்கு குடும்பங்கள் தலைக்கு 30 அலகு செலவிட்டாலும், ஒரே மின்மானியில் அது 120 அலகாகிவிடும். சிக்கனமாக வாழ்ந்த நால்வரும் சேர்ந்து, தாராளமாகச் செலவிட்ட ஒருவருக்குரிய கட்டணத்தைச் செலுத்த நேரிடும். அயலார்க்குள் மனக்கசப்பும் மூளும். நிலத்துக்கு உறுதியில்லை, முகவரி இல்லை என்ற பழைய குறையே இங்கும் குறுக்கே நிற்கிறது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தாற் குடியுரிமை இழந்து, நெடுங்காலம் போராடி அதை மீட்ட மக்கள், இன்று மின்மானிக்கும் மன்றாட வேண்டுமா?

குடும்பத்துக்கு ஒரு மின்மானி. குடும்பத்தலைவர் பெயரில் ஒரு கணக்கு. இதுவே நம் கோரிக்கை. தோட்ட நிர்வாகங்கள் சம்மதம் தர மறுக்கலாகாது. அரசு அதைச் சலுகையாக அன்றி உரிமையாக வழங்க வேண்டும். எட்டியாந்தோட்டை முதல் இறக்குவானை வரையுள்ள ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: மாணவருக்குக் கழித்தற் கணக்கைப் படிப்பிக்க வீட்டு மின்மானியையே கரும்பலகையாக்குங்கள். படித்தவரும் சிறு தோட்டக்காரரும் இதில் முன்நின்று உதவ வேண்டும்.

தராசைப் பார்க்கப் பழகியவனை எளிதில் ஏமாற்ற முடியாது. கணக்கெழுதிய கொப்பியுடன் வருபவனின் கோரிக்கையைத் தட்டிக்கழிக்கவும் முடியாது. அந்தக் கொப்பியை இந்த ஞாயிறே தொடங்குவோம்!