பலகையில் எழுதாத பாடம்



அடுத்த தேர்தலில் எந்தத் தொகுதியில் யார் நிற்பார், எவர் எத்தனை வாக்கில் வெல்வார் என்ற கணக்கை விரல் மடக்காமல் சொல்லக் கூடியவர்கள் நீங்கள். அந்தக் கணக்கில் காட்டும் அக்கறையில் கால் பங்கையேனும், உங்கள் தெருக்கோடியில் உள்ள தொடக்கப் பள்ளியின் கணக்குப் பாடத்தில் காட்டியதுண்டா? மூன்றாம் வகுப்புப் பிள்ளை கடன் வாங்கிக் கழிக்கக் கற்றதா, இரண்டாம் வகுப்புப் பிள்ளை நான்கு வரியைத் தட்டுத் தடுமாறாமல் படிக்கிறதா என்று கேட்டால், கிளைச் செயலாளர் ஒன்றியச் செயலாளரைப் பார்க்கிறார். ஒன்றியச் செயலாளர் கூரையைப் பார்க்கிறார்!

பாடநூலைக் குறை கூற நான் வரவில்லை. நால்வகை வாரியம், நால்வகை ஏடு என்றிருந்த நிலை மாறி, 2010-ஆம் ஆண்டில் ஒன்றாம் வகுப்பிலும் ஆறாம் வகுப்பிலும் தொடங்கிய சமச்சீர்க் கல்வி, உச்சநீதிமன்றத்தின் படியேறி 2011-இல் உறுதி பெற்றது. குடிசைப் பிள்ளைக்கும் மெட்ரிக் பள்ளிப் பிள்ளைக்கும் ஒரே பாடத்திட்டம் என்பது எளிதில் கிடைத்த பேறன்று. ஏட்டைத் திறந்தால், பாடம் தொடங்கும் முன்பே ஒரு பக்கம் நம்மை எதிர்கொள்கிறது. தீண்டாமை பாவம், குற்றம், மனிதத் தன்மைக்கே மாறானது என்று அரசு அச்சிட்டுத் தரும் பக்கம். எழுத்துக் கூட்டத் தெரிந்த பிள்ளை எவரும் அதைத் தவறவிட முடியாது.

ஆனால் தோழரே, பிள்ளைகள் ஏட்டை மட்டுமா படிக்கிறார்கள்?

2018-ஆம் ஆண்டு, திருப்பூர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றின் அரசுப் பள்ளிக்குச் சத்துணவு சமைக்க ஓர் அம்மையார் வந்தார். ஒடுக்கப்பட்ட குலத்தில் பிறந்தவர் என்பது தவிர அவர் செய்த பிழை எதுவும் இல்லை. "இவர் சமைத்ததை எங்கள் பிள்ளை உண்பதா?" என்று ஆதிக்கச் சாதிப் பெற்றோர் சிலர் கொதித்தெழுந்தனர். அதிகாரிகள் என்ன செய்தனர்? கொதித்தவரைக் கண்டிப்பதற்கு மாறாக, சமைத்தவரை இடம் மாற்ற ஆணையிட்டனர்! கண்டனக் குரல் நாடெங்கும் எழுந்த பிறகே ஆணை திரும்பப் பெறப்பட்டது, வழக்கும் பதியப்பட்டது. சட்டம் தன் கடமையைச் செய்யட்டும். நான் எண்ணிப் பார்ப்பது, தட்டேந்தி வரிசையில் நின்ற அந்தப் பிள்ளைகளை. முதல் பக்கத்தை மனப்பாடம் செய்து ஒப்பித்த அதே வாயால், அன்று அவர்கள் உண்ண மறுக்கக் கற்பிக்கப்பட்டனர். எந்தப் பாடத்தை அவர்கள் மறப்பார்கள், எதை மறக்க மாட்டார்கள்?

1920-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளி ஒன்றில் அரும்பி, 1956-இல் காமராசர் ஆட்சியில் மாநிலம் முழுதும் பரவி, 1982-இல் சத்துணவாக விரிந்து, 2022-இல் காலைச் சிற்றுண்டியாகவும் வளர்ந்த திட்டம் இது. வயிற்றுக்குச் சோறு மட்டுமன்று. ஒரே பந்தியில் அமர்வது எப்படி என்ற பாடமும் அதிலே உண்டு. அந்தப் பாடத்தை நடத்தவும் ஆள் வேண்டும், கண்காணிக்கவும் ஆள் வேண்டும்.

ஆள் என்றதும் மற்றொரு கணக்கு நினைவுக்கு வருகிறது. இதைச் சற்றுப் பொறுமையோடு கேளுங்கள்.

1953-இல் இராசகோபாலாச்சாரியார் ஆட்சி, ஊர்ப்புறத் தொடக்கப் பள்ளிகளின் நேரத்தை நாளுக்கு ஐந்து மணியிலிருந்து மூன்று மணியாகக் குறைத்தது. எஞ்சிய பொழுதில் பிள்ளை தன் தந்தையின் தொழிலைப் பழகட்டும் என்றது. வண்ணான் மகன் வெளுக்கட்டும், குயவன் மகன் சக்கரம் சுற்றட்டும்! குலக்கல்வி என்று பெயரிட்டு நாடு கொதித்தது; ஆளுங்கட்சிக்குள்ளேயே புயல் கிளம்பிற்று; 1954-இல் ஆட்சித் தலைமை மாறியது; காமராசர் அத்திட்டத்தைக் கைவிட்டார். நம் மேடைகளில் ஆயிரம் முறை முழங்கப்பட்ட வரலாறு இது. முழங்கியதில் தவறில்லை.

இன்றைய சட்டத்துக்கு வருவோம். 2009-இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், ஒன்று முதல் ஐந்து வகுப்புகளுக்கு ஆண்டில் 200 வேலைநாள், 800 மணி நேரக் கற்பித்தல் என்கிறது. நாளொன்றுக்கு நான்கு மணி நேரம். நன்று. அதே சட்டத்தின் அட்டவணை, 60 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு 2 ஆசிரியர் என்கிறது. 90 வரை 3. 120 வரை 4. அதைத் தாண்டினால்தான் வகுப்புக்கு ஒருவர் என்ற பேச்சே எழும். ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர். இருவரும் நாளுக்கு நான்கு மணி நேரம் மூச்சு விடாமல் கற்பித்தாலும் எட்டு மணி நேரம். ஐந்தால் வகுத்துப் பாருங்கள். வகுப்புக்கு 96 நிமிடம்! மூன்று மணி என்றதற்கே முரசு கொட்டியவர்கள் நாம்.

"ஐந்தும் ஆறுமாகப் பிள்ளைகள் இருக்கும் வகுப்புகளைச் சேர்த்து வைத்துத்தானே நடத்துகிறார்கள்?" என்று நீங்கள் கேட்பீர்கள். ஆம், சேர்த்துத்தான் நடத்துகிறார்கள். 1953-இன் நோக்கமும் இன்றைய நிலையும் ஒன்றல்ல என்பதையும் ஒப்புகிறேன். அன்று பிள்ளையைக் குலத்துக்குத் திருப்பி அனுப்பினார்கள். இன்று யாரும் அப்படி அனுப்பவில்லை. எனினும் ஒரு பலகையில் வாய்பாடும் மறு பாதியில் மெய்யெழுத்தும் எழுதிவிட்டு, இடையில் பதிவேட்டையும் கைப்பேசியில் கேட்கும் புள்ளி விவரத்தையும் நிரப்பும் ஆசிரியரின் முதுகைப் பார்த்தபடியே கழியும் நேரத்தைக் கற்ற நேரம் என்று எழுதிக்கொள்ள என் மனம் ஒப்பவில்லை. படித்த தாய் உள்ள வீட்டுப் பிள்ளை, விட்டதை மாலையில் பிடித்துவிடும். எழுத்தறியாத் தாயின் பிள்ளைக்கு அந்த 96 நிமிடமே முதலும் முடிவும்.

தொற்றுக் காலத்தை மறந்துவிட்டோம். 2020-இல் ஒன்றாம் வகுப்பில் பெயர் பதிந்த பிள்ளை, வகுப்பறையை முதன்முதலில் கண்டது 2021 நவம்பரில், இரண்டாம் வகுப்பில்! அந்தப் பள்ளத்தை நிரப்பவே 2022-இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என நிலை பிரித்து, பிள்ளை எந்த வகுப்பில் அமர்ந்திருக்கிறது என்பதை விட, அதற்கு எதுவரை தெரியும் என்று பார்த்துக் கற்பிக்கும் முறை. முறை நல்ல முறை. ஆனால் மூன்று நிலைக்கும் ஒருவரே ஓடினால், மலர் தானாக மலரும். அரும்பு அரும்பாகவே நிற்கும்.

இதில் நமக்கென்ன வேலை என்கிறீர்களா? பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது சட்டம். நம் தோழர்களின் துணைவியர், தங்கையர் பலர் அக்குழுக்களில் பெயரளவில் இருக்கிறார்கள். கையெழுத்திட்டு வீடு திரும்புகிறார்கள். பள்ளி வளர்ச்சித் திட்டத்தை எழுதும் உரிமை அக்குழுவுக்கே உரியது. இன்னும் எத்தனை ஆசிரியர் தேவை என்று கேட்கும் இடமும் அந்தத் திட்டத்தில் உண்டு. நம் ஊரில் அந்த இடம் காலியாக இருக்கிறதா, நிரப்பப்பட்டிருக்கிறதா? அடுத்த கூட்டத்தன்று சென்று பாருங்கள். போகும்போது உணவு வேளைக்கு முன்பே போய்ச் சேருங்கள். பந்தியில் யார் பக்கத்தில் யார் அமர்கிறார் என்பதையும், தட்டை யார் கழுவுகிறார் என்பதையும் பார்த்துவிட்டு, அதன் பிறகு கூட்டத்துக்குள் நுழையுங்கள்.